காசிமேட்டு மீன்கழிவும் 21 நாள் கணக்கும்

மீன் அமிலத்துக்குக் கழிவு தேடுகிறவர்கள் காசிமேட்டுக்கு விடியும் முன்பே போய்விடுவது நல்லது. ராயபுரத்தைத் தாண்டி மீன்பிடித் துறைமுகத்தை நெருங்கும்போதே வாடை வழிகாட்டிவிடும். ஏலம் ஓய்ந்து, மீன் வெட்டும் இடத்தில் கூட்டம் சேரும் நேரம்தான் நமக்குத் தோது. ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடமிருக்காது. கழிவும் அன்றைக்குத்தான் அதிகம்.

வஞ்சிரம், சங்கரா, சூரை என்று வெட்ட வெட்ட தலை, செவுள், குடல் எல்லாம் கூடையில் குவிகின்றன. உடன் வந்த விவசாயி, "குடல் வேண்டாம், தலை மட்டும் போடுங்க" என்றார். மீன் வெட்டும் அக்கா விடவில்லை. "கொடல வுட்டுட்டா அப்புறம் எப்டி சார் கரையும்?"

அனுபவம் பேசுகிறது. மீனைக் கரைப்பது வெல்லம் இல்லை. மீனின் குடலிலும் சதையிலும் உள்ள நொதிகள். வெல்லம், கழிவை அழுகவிடாமல் காத்து, நுண்ணுயிர்களுக்குத் தீனியாகிறது. அதனால்தான் கழிவும் வெல்லமும் சம எடை. விலையைப் பார்த்து வெல்லத்தைக் குறைத்தால், மிஞ்சுவது நாற்றம்தான்.

'21 நாள் பொறுக்க முடியவில்லை, ஒரே வாரத்தில் எடுக்க வழி உண்டா?' என்று வாசகர்கள் கேட்கிறார்கள். இந்த அவசரம் நமக்கு மட்டும் இல்லை. ஒயினைச் சீக்கிரம் முதிர வைக்க ஓக் மரச்சீவல் போடுகிறார்கள், மீயொலிக் கருவி வைக்கிறார்கள். வியட்நாம்காரர்களோ நெத்திலியையும் உப்பையும் தொட்டியில் போட்டு, மீன் சாற்றுக்காக ஒரு வருஷம் வரைகூடக் காத்திருக்கிறார்கள்.

நம் டிரம்முக்குப் பலன் தரும் குறுக்குவழிகள் சில உண்டு. கழிவைப் பொடிப்பொடியாக நறுக்குங்கள். குடலை எறியாதீர்கள். தோலோடு நறுக்கிய பச்சைப் பப்பாளி அல்லது அன்னாசி சேர்த்தால், அவற்றின் நொதிகளும் புரதத்தை உடைக்கும். சில நாள்கள் மிச்சமாகலாம். ஆனால், கொதிக்க வைத்தால் நொதிகள் செத்து, வேலையே நின்றுவிடும். டிரம்மை வெயிலில் வைத்தால் வாயு பொங்கி மூடி தெறிக்கும். நிழலில் வைத்து, அவ்வப்போது மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள்.

சூடு, கிளறல், அமிலத்தன்மை மூன்றையும் அளந்து நடத்தினால் வேகமாக முடிக்க முடியும். அது ஆலை வேலை. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் (சிபா), மீன்கழிவிலிருந்து செடிகளுக்கு 'ஹார்ட்டி பிளஸ்' தயாரித்திருக்கிறது. நம் கொட்டகையில் நாள் கணக்கைவிட நிறமும் மணமும் பார்ப்பதே மேல். தேன் நிறம் வந்து, பழவாடை அடித்தால் தயார். நாற்றமடித்தால் இன்னும் பொறுங்கள். வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மி.லி கலந்து தெளிக்கலாம். அரைகுறையாகக் கரைந்ததைத் தெளிப்பானில் ஊற்றினால் நாசில் அடைக்கும். வயலுக்கு நாய்களும் வந்து சேரும்.

காசிமேட்டிலிருந்து வடக்கே போனால் திருவொற்றியூர். அங்கே சூரை மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அதற்கும் அப்பால் எண்ணூர். முகத்துவாரத்து மீன்கழிவு கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தாலும் நான் வாங்கமாட்டேன். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீர் அது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெயும் படர்ந்தது. கன உலோகங்களை எந்த நொதியும் கரைத்து அழிக்காது. ஆழ்கடல் மீனின் கழிவே போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கழிவும் குறைந்துவிடும். ஆடிப்பட்டத்துக்கு வேண்டியதை ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஊறப்போடுங்கள்.