ஐப்பசியில் ஒரு கிரிக்கெட் வாரம்

வடநாட்டார் இலையுதிர் காலம் என்பர். நமக்கு அது ஐப்பசி, மழையை எதிர்நோக்கி மொட்டை மாடியில் காயும் துணிகளை எண்ணிக்கொண்டிருக்கும் மாதம். 2023 அக்டோபர் 22 முதல் 28 வரை, உலகக் கோப்பையில் எட்டு ஆட்டங்கள். அவற்றுள் இரண்டு நம் சேப்பாக்கத்தில். இரண்டிலும் பாகிஸ்தான். கிரிக்கெட்டில் பித்துக்கொண்ட நம்மைப் போன்ற குடும்பத் தலைவனுக்கு இத்தகைய வாரம் ஒரு சோதனைதான். ஆட்டங்கள் பெரும்பாலும் பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி இரவு பத்துக்கு முடிவதால், அஸர், மஃரிபு, இஷா மூன்றும் ஓவர்களுக்கு இடையில் வந்து நிற்கும். "ஜமாஅத் காத்திருக்காது, ரீப்ளே காத்திருக்கும்" என்று நம் இல்லத்தார் ஞாயிறன்றே எச்சரித்துவிட்டார்.

அந்த ஞாயிறு தர்மசாலாவில் நியூசிலாந்துடன் இந்தியா மோதியது. அத்தொடரில் முதன்முறையாகக் களமிறங்கிய முஹம்மது ஷமி 54 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஏறத்தாழ ஈராண்டுகளுக்கு முன், 2021 அக்டோபர் 24 அன்று, துபாயில் பாகிஸ்தானிடம் பத்து விக்கெட் வித்தியாசத்தில் இந்தியா தோற்றபோது, பதினொருவரும் சேர்ந்து தோற்ற ஆட்டத்திற்கு ஷமி ஒருவரின் பெயரைச் சொல்லி வசைமாரி பொழிந்தனர் சிலர். அன்றைய தலைவர் விராட் கோலி அவருக்காக வெளிப்படையாகப் பேசினார். அப்போது நம் மகனுக்குப் பத்து வயது. "ஏன் அத்தா அவரை மட்டும் திட்டுறாங்க?" என்று கேட்டான். நாம் ஏதோ சொல்லி மழுப்பினோம். தர்மசாலாவில் ஐந்தாவது விக்கெட் விழுந்தபோது அவன் சோபாவின் மேல் ஏறி நின்று கத்தினான். அன்றிரவு கோலி 95இல் ஆட்டமிழந்ததைக்கூட அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஆயுத பூஜை விடுமுறை. பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் ஆடிய அந்த ஆட்டத்திற்கு முன்கூட்டியே இரண்டு நுழைவுச்சீட்டுகள் வாங்கி வைத்திருந்தோம். வெளியே சென்றால் மீண்டும் உள்ளே விடமாட்டார்கள் என்பதால், முதல் இன்னிங்ஸின் நடுவே படிக்கட்டுக்குப் பின்னால் ஓர் ஒதுக்கிடத்தில் கைக்குட்டையை விரித்து அஸர் தொழுதோம். மஃரிபு, இறைவன் அருளால், இடைவேளையிலேயே வந்துவிட்டது. அருகில் மஞ்சள் சட்டையுடன் அமர்ந்திருந்த இளைஞர் இருமுறையும் நம் இருக்கைகளைக் காத்துத் தந்தார். திரும்பி வந்தபோது வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்றையும் நீட்டினார்.

ஆனால் அன்று நம் மனத்தில் தைத்தது வேறு. பாபர் ஆசம் கவர் திசையில் அடித்த ஒரு பவுண்டரிக்கு நம்மைச் சுற்றியிருந்தோரில் பலர் தாராளமாகக் கைதட்டினர். மஞ்சள் சட்டைக்காரர் விசிலடித்தார். நம் மகன் மட்டும் இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான். வீட்டுத் தெருவில் அந்த ஷாட்டையே ஆயிரம் முறை ஆடிப் பார்ப்பவன் அவன். ஏன் என்று குனிந்து கேட்டோம். அகமதாபாத் ஆட்டம் முடிந்த மறுவாரம் பள்ளி வேனில் ஒரு பையன், "உங்க டீம் தோத்துப்போச்சே" என்றானாம். வேடிக்கையாகத்தான் சொன்னானாம். "நம்ம டீம் ஜெயிச்சுதுன்னு சொன்னேன் அத்தா. எல்லாரும் சிரிச்சாங்க."

பின்னர் ஆப்கானியர் 283 என்ற இலக்கைத் துரத்தினர். குர்பாஸும் இப்ராஹிம் ஸத்ரானும் அடித்து ஆட, அரங்கமே அவர்கள் பக்கம் சாய்ந்தது. எட்டு விக்கெட் வித்தியாசத்தில், ஒருநாள் ஆட்டங்களில் பாகிஸ்தானை அவர்கள் வென்றது அதுவே முதன்முறை. ஹெராத் நிலநடுக்கத்தில் அவர்களின் மக்கள் வீடிழந்து நின்ற மாதம் அது. ரஷீத் கான் தம் உலகக் கோப்பை ஊதியத்தை அங்கே அளிப்பதாக அறிவித்திருந்தார். நம் மகனும் தொண்டை கட்டும்வரை ஆரவாரித்தான். அவன் மகிழ்ச்சி மெய்யானதே. ஆயினும், அனுமதிக்கப்பட்ட மகிழ்ச்சி என்பதால்தான் அவ்வளவு உரக்க ஒலித்ததோ என்ற எண்ணம் வீடு திரும்பும்வரை நம்மை விடவில்லை.

செவ்வாயும் புதனும் வியாழனும் அலுவலகத்திலேயே கழிந்தன. புதனன்று மேக்ஸ்வெல் 40 பந்துகளில் சதம் அடித்ததைப் பார்த்து இஷாவைத் தாமதப்படுத்தியதற்கு வீட்டில் கிடைத்த ஏச்சை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

வெள்ளியன்று திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதோம். 1795இல் எழுந்த அப்பள்ளிவாசலும், சேப்பாக்கம் அரங்கத்தை ஒட்டிச் செல்லும் சாலையும் ஒரே வாலாஜா நவாபின் பெயரைத் தாங்குபவை. தொழுது வெளிவந்தபோது பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கக் கொடிகளோடு கூட்டம் அரங்கை நோக்கி நடந்துகொண்டிருந்தது. நம்மிடம் சீட்டு இல்லை. வீட்டில்தான் பார்த்தோம்.

கடைசி விக்கெட், பதினொரு ஓட்டம் வேண்டும். களத்தில் கேசவ் மகராஜும் தப்ரைஸ் ஷம்ஸியும். ஹாரிஸ் ரவூஃபின் பந்து ஷம்ஸியின் காலில் பட்டது. நடுவர் அவுட் இல்லை என்றார். மறுபரிசீலனையில் பந்து லெக் ஸ்டம்பை உரசுவதாகத் திரை காட்டியும் நடுவரின் முடிவே நிலைத்தது. "அவுட்தான் அத்தா!" என்று மகன் கத்தினான். கத்திய உடனே திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தான், குரலைத் தாழ்த்தி, "அவுட்தானே?" என்றான். சற்று நேரத்தில் மகராஜ் அடித்த நான்கு ஓட்டத்தோடு ஆட்டம் முடிந்தது.

அப்போதுதான் 1999 ஜனவரி 31ஐ அவனுக்குச் சொன்னோம். அதே சேப்பாக்கம், அதே பாகிஸ்தான். டெண்டுல்கர் 136 எடுத்து, வெற்றிக்கு 17 ஓட்டங்கள் இருக்கையில் ஆட்டமிழந்தார். எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் நான்கே ஓட்டங்களில் சரிந்தன. பன்னிரண்டு ஓட்டங்களில் இந்தியா தோற்றது. நாம் அத்தாவோடு அங்கே இருந்தோம், வயது பதின்மூன்று. சில நொடிகள் அரங்கம் செத்துக் கிடந்தது. பிறகு ஒருவர் எழுந்தார், பத்துப் பேர் எழுந்தனர், முழு அரங்கமும் எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தனர்.

"உங்க அத்தாவும் எழுந்து நின்னாங்களா?"

நின்றார். தேம்பிக்கொண்டிருந்த நம்மையும் தோளைப் பற்றித் தூக்கி நிறுத்தினார். பயமோ கணக்கோ அவர் முகத்தில் இருந்ததாக நமக்கு நினைவில்லை.

மகன் சற்று நேரம் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "திங்கக்கிழமை பாபர் அடிச்சப்ப நீங்களும் கை தட்டலையே அத்தா."

உண்மைதான். நம் கைகள் நம் மடியில்தான் இருந்தன. அவன் அதைக் கவனித்திருக்கிறான். மறுமொழி எதுவும் வாயில் வரவில்லை. அன்றும் இஷா பாக்கியிருந்தது. இருவரும் ஒளுச் செய்ய எழுந்தோம்.