இருபத்தெட்டு போர்

தாத்தா விட்டுப்போனவற்றில் யாரும் பங்கு கேட்காத பொருள் ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்கு ஆள் இருந்தது. நாயக்கனேரி அடிவாரத்து ஒன்றரை ஏக்கருக்கும் இருந்தது. பித்தளை அண்டாவுக்குக்கூட இரண்டு சித்திகளும் மல்லுக்கு நின்றார்கள். இரட்டைக் குழல் துப்பாக்கியை மட்டும் யாரும் வாய்திறந்து கேட்கவில்லை. “அந்தச் சனியன ஸ்டேஷன்லயே குடுத்துத் தலைமுழுகுடா” என்றார் அம்மா.

அம்மா சொன்னதில் சட்டமும் இருந்தது. உரிமக்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ தாமதமில்லாமல் ஒப்படைத்துவிட வேண்டும். காரியம் முடிந்த கையோடு நானும் மாமாவும் வேலூருக்குக் கொண்டுபோய் ஒரு கடையில் வைத்து ரசீது வாங்கிக்கொண்டோம். அதற்குப் பிறகு மூன்று வழிகள் இருந்தன. அரசிடமே விட்டுவிடலாம். உரிமம் உள்ள யாருக்காவது விற்கலாம். இல்லையென்றால் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி வாரிசாக நானே உரிமம் கேட்கலாம். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். அங்கேதான் சிக்கல் வந்தது.

தாத்தாவின் உரிமப் புத்தகத்தில் ‘டி.பி.பி.எல் 12 போர்’ என்று இருந்தது. இரட்டைக் குழல், பின்பக்கம் திறந்து தோட்டா போடுவது என்று அதற்கு அர்த்தம். கடையில் பழுது பார்க்கும் பெரியவர், எல்லோருக்கும் ‘பாய்’, துப்பாக்கியைக் கையில் வாங்கியவுடனே தலையாட்டினார். “தம்பி, இது பன்னெண்டு இல்ல. பன்னெண்டுன்னா மூணு கிலோ வரும். இது பொண்ணு மாதிரி இருக்கு பாரு.”

போர் என்பது ஒரு பழைய கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாகப் பிடித்தால் ஓர் உருண்டை குழலுக்குள் சரியாக நுழையுமோ, அந்த எண்தான் போர். அதனால் எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். 12 போர் குழலின் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 போர் 15.6. 28 போர் 14தான். இந்தக் கணக்குக்குள் வராத ஒன்று நானூற்றுப்பத்து. அது நேராக அங்குல அளவு, 10.4 மில்லிமீட்டர். அளவு மாறினால் விளையாட்டில்லை. 20 போர் தோட்டா தவறி 12 போர் குழலில் விழுந்தால் உள்ளே சறுக்கிப்போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்து அதன் பின்னால் இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போகும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்ததே இதற்காகத்தான்.

குழலின் முதுகில் ‘பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்’ என்று இருந்தது. மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டு வைத்த கட்டடம், கடிகாரத்துக்குப் பேர்போன கடை. அங்கே செய்தது என்றுதான் தாத்தா சொல்வார். பாய் சிரித்தார். “அது வித்தவன் பேரு. பெத்தவன் பேரு அடியில இருக்கும்.” மெட்ராஸிலும் கல்கத்தாவிலும் பேர்பெற்ற கடைகள் விற்ற துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில், முக்கியமாக பர்மிங்காமில் செய்து வந்தவை. கடைப் பெயரை மட்டும் இங்கே விற்பதற்காக வெட்டிக்கொடுப்பார்கள்.

குழலைக் கழற்றித் திருப்பினார். அறைக்கு அடியில் தட்டையான இடத்தில், மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கத் துடைக்க, சின்னச் சின்ன முத்திரைகள் எழுந்துவந்தன. கிரீடத்துக்குக் கீழே ‘பி.பி’, ‘பி.வி’, ‘என்.பி’. 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் ஏற்பட்ட பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரைகள் அவை. வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலில் மட்டும் இவற்றை அடிப்பார்கள். இந்த எழுத்துகள் 1904இல் வந்தவை. 1925 முதல் தோட்டா அறையின் நீளத்தையும் அங்குலத்தில் பொறித்தார்கள். இதில் அது இல்லை. ஆக, 1904க்கும் 1925க்கும் நடுவில் பிறந்தது. பக்கத்திலேயே ஒரு சாய்சதுரத்துக்குள் 28 என்று தெளிவாக இருந்தது.

உரிமம் ஒன்று சொன்னது, இரும்பு இன்னொன்று சொன்னது. பழைய புத்தகம் கிழிந்து புதியது எழுதியபோது எந்தக் கையோ பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறது. தாத்தா அதைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. இங்கே எளிதாகக் கிடைப்பது 12 போர் தோட்டாதான். 28 போர் தோட்டா கிடைக்காமல் போன பிறகு அவர் துப்பாக்கியைச் சுட்டதே இல்லை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து கௌதாரியும் முயலும் கனவாகிவிட்டன. தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கி வருவதுதான் அதற்கு மிச்சமிருந்த ஒரே பயணம்.

எங்களைக் காப்பாற்றியது வரிசை எண். புத்தகத்தில் இருந்த ஐந்து இலக்கமும் இரும்பில் இருந்த ஐந்து இலக்கமும் ஒன்று. கடையிலிருந்து அளவுச் சான்று வாங்கி, முத்திரைகளைப் படம் எடுத்து, விளக்கக் கடிதத்தோடு சேர்த்தோம். 2019இல் மாவட்டம் பிரிந்ததால் வேலூர் கோப்பு திருப்பத்தூருக்கு வர வேண்டியிருந்தது. இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. இதற்கிடையில் ஒரு தெரிந்தவர் நல்லெண்ணத்தோடு, “எண்ணெல்லாம் மங்கலா இருக்கே, பாலிஷ் போட்டுக் குடுத்தா ஆபீஸ்ல பாக்க நல்லா இருக்கும்” என்றார். பாய் துப்பாக்கியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பாலிஷ் சக்கரத்தில் ஒரு நிமிஷம் காட்டியிருந்தால் முத்திரையும் எண்ணும் மழுங்கி, எங்கள் கையில் ஊர்பேர் தெரியாத இரும்பு இருந்திருக்கும்.

அம்மா ஒரு சமரசத்தோடு வந்தார். “சுடாத மாதிரி அடைச்சுக் குடுக்கச் சொல்லு. நடு வீட்டுலயே மாட்டிக்கோ.” அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பழமையான, பழுதுபார்த்தாலும் சுட முடியாத ஆயுதம் ஆயுதச் சட்டத்துக்குள் வராது. குழலில் ஓட்டை போட்டுப் பற்றவைத்துவிட்டால் அப்புறம் சுடாது. நான் தயங்கித்தான் பாயிடம் கேட்டேன். “பண்ணலாம் தம்பி. அப்புறம் அது பொணம். பொணத்தைச் செவுத்துல மாட்டுவீங்களா?”

உரிமம் என் பெயருக்கு வந்த பிறகுதான் வேலையைத் தொடங்கினார். குழலின் கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டினார். வெண்கல மணிபோல நின்று ஒலித்தது. இரண்டு குழல்களையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையின் ஈயப்பற்று விடவில்லை என்று அர்த்தம்; விட்டிருந்தால் சத்தம் செத்து விழும். இன்று வேகமாகக் கறுப்பேற்றுகிற முறை, 140 டிகிரி கார உப்புக் குளியல். அது அந்த ஈயப்பற்றை அரித்துவிடும். பாய் பழைய முறையில் செய்தார். அமிலக் கரைசலைத் தடவி, ஈரத்தில் துருப்பிடிக்கவிட்டு, கொதிநீரில் வேகவைத்தால் செந்துரு கறுக்கும். தேய்த்துவிட்டு மறுபடி அதையே செய்ய வேண்டும். ஒன்பது தடவை செய்தார். வால்நட் கட்டையில் இருந்த பள்ளங்களுக்கு ஈரத்துணி போட்டு இஸ்திரிப்பெட்டி வைத்தார். மரம் நீரைக் குடித்து மேலே எழும்பியது.

இடது குழலில் ஓரிடம் மட்டும் சரியாகவில்லை. உள்ளங்கை அகலத்துக்குக் குழிகுழியான அரிப்பு. காரணத்தைப் பாய்க்கு நான்தான் சொன்னேன். அந்தத் துப்பாக்கி ஐம்பது வருஷமாகத் தாத்தா கையால் தைத்த தோல் உறைக்குள் கிடந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆம்பூர்த் தோல். டேனரியில் நனைந்த பட்டைத் தோல்மீது இரும்பு பட விடமாட்டோம். பட்ட இடம் கறுத்துவிடும். கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் காய்ச்சிய பழைய மையில் இருந்ததும் இதே சேர்க்கைதான். மழைக்கால ஈரத்தைத் தோல் உறிஞ்சிவைத்துக்கொள்ளும், பட்டையின் துவர்ப்பு இரும்பைத் தின்னும். 1973இல் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்து ஊரே குரோமுக்கு மாறியது. பட்டைக் குழிகள் மூடிக்கொண்ட அதே காலத்தில்தான் துப்பாக்கியும் உறைக்குள் போயிருக்கிறது. தாத்தா மிகவும் பத்திரமாக வைத்திருந்தார், அதனால்தான் அது அரித்தது.

அந்த இடத்தைத் தேய்த்துச் சமமாக்கவா என்று பாய் கேட்டார். குழலின் கனம் குறையும் என்று அவரே சொல்லவும் செய்தார். வேண்டாம் என்றேன்.

இப்போது துப்பாக்கி எண்ணெய்த் துணி சுற்றி இரும்புப் பெட்டியில் இருக்கிறது. உறை வேறு அலமாரியில், காலியாக. போன மாதம் சரிபார்க்க வந்த ஏட்டையா எண்ணை ஒத்துப்பார்த்துவிட்டு, “சுடுமா?” என்று கேட்டார்.

“சுடும் சார். தோட்டாதான் கிடைக்காது.”

அவர் எழுதிக்கொண்டார். அம்மா உள்ளே இருந்து அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். பெட்டியைப் பூட்டி அந்தச் சாவியையும் தன்னிடமே வாங்கிக்கொண்டார்.