தண்டு ஓடும் பாத்தி

சாய் சிம் பாத்தியில் முதல் மஞ்சள் பூ எட்டிப் பார்த்தால் அன்று அறுவடை. பக்கத்து லெட்டூஸ் பாத்தியில் நடுக்குருத்து ஒரு விரல் உயர்ந்துவிட்டால் செடியைப் பிடுங்கவேண்டியதுதான். சுவா சூ காங்கில் ஒரு வீவக புளோக்குக்குக் கீழே, கம்பி வேலிக்குள் இருக்கும் சமூகத் தோட்டம் இது. தேசியப் பூங்காக் கழகம் 2005ல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியபின் தீவெங்கும் இப்படி முளைத்தவை ஏராளம். சாய் சிம் ஒரு சீன அங்கிளின் பொறுப்பு. லெட்டூஸைப் பார்த்துக்கொள்பவர் ஒரு தமிழ் அக்கா. வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், வெயில் ஏறுமுன்பே பாத்திக்கு வந்துவிடுவார்.

நான் போன அன்று அவர் முகம் சரியில்லை. “வெள்ளிக்கிழமை நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ரெண்டு நாள் வெயில் காஞ்சுச்சு, பாருங்க, போல்ட் ஆயிடுச்சு.”

தரையோடு விரிந்து கிடக்கவேண்டிய செடி மேல்நோக்கி எழுந்திருந்தது. இலைகள் குறுகி, இலைக்கும் இலைக்கும் நடுவே தண்டு தெரிந்தது. ஒன்றை ஒடித்து நீட்டினார். ஒடித்த இடத்தில் வெள்ளைப் பால். நாக்கில் வைத்தால் வேப்பங்கொழுந்து தோற்றது. செடி பூக்கத் தயாரானதும் அந்தப் பாலில் லாக்டூசின் போன்ற கசப்புப் பொருள்கள் கூடிவிடுகின்றன. ஐஸ் தண்ணீரில் ஊறப்போட்டாலும் இந்த அளவுக் கசப்பு இறங்குவதில்லை.

லெட்டூஸுக்குப் பகலில் 20 டிகிரியை ஒட்டிய வெப்பமும் அதைவிடக் குளிர்ந்த இரவும் கிடைத்தால் நெடுநாள் இலையாகவே நிற்கும். ஐரோப்பாவில் கோடைப் பகல் நீண்டு வெயிலும் ஏறும்போதுதான் அது பூக்கிறது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பத்து நிமிட வித்தியாசம்கூடத் தேறாது. ஆகவே இங்கே குற்றவாளி வெப்பம். பகலில் 31, 32 என்று ஏறுவதாவது போகட்டும், விடியற்காலையிலும் பெரும்பாலும் 24க்குக் கீழே இறங்க மறுக்கிறதே!

அக்காவின் போராட்டம் விதையிலேயே தொடங்கிவிடுகிறது. மண் சூடாக இருந்தால் லெட்டூஸ் விதை முளைக்காமல் உறங்கிவிடும். அதனால் ஈர டிஷ்யூவில் மடித்து ஃபிரிட்ஜில் ஓரிரு இரவு வைத்துவிட்டு விதைக்கிறார். பாத்திக்கு மேல் கறுப்பு நிழல் வலை. வகையிலும் கவனம்: உருண்டைத் தலை கட்டும் ஐஸ்பர்க் பக்கமே போவதில்லை. சூட்டைக் கொஞ்சம் பொறுக்கும் பட்டேவியா வகைகள், இஸ்ரேலில் உருவான ஜெரிக்கோ, இவைதான். செடி பெரிதாகட்டும் என்று காத்திருக்காமல் இளசிலேயே வெளியிலைகளை ஒடித்துக்கொள்கிறார். ஒரு தட்டு முடியும் முன்னால் அடுத்த தட்டு விதைத்தாகிவிடும். என்னைக் கேட்டால், இந்த ஊரில் முழுத் தலை லெட்டூஸுக்கு ஆசைப்படாமல் இருப்பதே பாதி வெற்றி.

அடுக்குமாடித் தாழ்வாரத்தில் வளர்ப்பவர்கள் நோஞ்சானாய் நீண்ட நாற்றைக் கொண்டுவந்து, “இதுவும் போல்ட் ஆயிடுச்சா அக்கா?” என்று கேட்பார்களாம். அது வெளிச்சத்துக்கு ஏங்கி நீண்டது. அதற்கு வெயில் வேண்டும், பூக்கப் போகும் செடிக்கோ நிழல். மருந்து நேரெதிர் என்பதால் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர் தொட்டியையே தூக்கிப் போட்டுவிடுகிறார்.

அங்கிளுக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. சாய் சிம்மையும் கைலானையும் சீனர்கள் பூமொட்டுத் தண்டோடுதான் சமைக்கிறார்கள். அவர் பாத்தியில் லெட்டூஸும் இருக்கிறது, ஆனால் அது யூ மாய் என்கிற நீள இலை வகை. பூண்டு தட்டிப் போட்டு வாணலியில் புரட்டினால் லேசான கசப்பு யாருக்குத் தெரியப்போகிறது? தண்டுக்காகவே வளர்க்கும் லெட்டூஸ்கூடச் சீனாவில் உண்டு. தோலைச் சீவி உள்ளே இருக்கும் பச்சைத் தண்டை நறுக்கிச் சமைப்பார்கள். அக்கா பிடுங்கிப் போட்ட செடிகளைப் பார்த்து அங்கிள் தலையாட்டிச் சிரித்ததன் பொருள் அப்போது விளங்கியது.

நம் தண்டுக்கீரைக் குடும்பத்துக் கதை வேறு. இங்கே பாயம் என்று விற்கும் கீரை, பகல் குறுகினால் பூக்கும் இனம். பன்னிரண்டு மணிநேரப் பகலே வருடம் முழுக்க நிலைத்த ஊரில் அதற்கு எப்போதும் பூக்கும் பருவம்தான். ஒருநாள் தண்ணீர் தவறினால் இன்னும் அவசரப்படும். மூன்று, நான்கு வாரத்தில் வேரோடு பிடுங்கிவிட்டால் தொல்லை இல்லை. தேக்கா சந்தையில் வேரும் மண்ணுமாய்க் கட்டி வைத்திருப்பதும் அந்த வயதுக் கீரையைத்தான்.

இதே வட்டாரத்தில், பெரும் பண்ணைகள் லெட்டூஸின் வெப்பச் சிக்கலைப் பணத்தால் எதிர்கொண்டன. தேசியக் கல்விக் கழகத்தின் லீ சிங் கோங் தொங்கும் வேர்களுக்குக் குளிர்ந்த ஊட்டநீரைத் தெளித்து, வேர்ப்பகுதியை 20 டிகிரியில் வைத்தால் இலைக்கு மேல் வெயில் காய்ந்தாலும் லெட்டூஸ் வளரும் என்று காட்டினார். 1990களில் லிம் சூ காங்கில் அந்த முறையில் பண்ணையே நடந்தது. ஆனால் குளிரூட்ட மின்சாரம் வேண்டும். மலேசியாவின் கேமரன் மலைக்கு அந்தக் குளிர் இலவசம். 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரில் விளைவிக்கும் இலக்கை 2019ல் அறிவித்த அரசு, 2025ல் அதைக் கைவிட்டு 2035க்கு வேறு இலக்குகளை வைத்ததில் எனக்கு வியப்பில்லை.

தோட்டத்தின் கோடியில் ஒரு மலாய் மாக்சிக் உலாம் ராஜா நட்டிருக்கிறார். இளஞ்சிவப்பாய்ப் பூத்துத் தள்ளும் செடி. கொழுந்தைக் கிள்ளக் கிள்ளப் பக்கக்கிளை விடும். அதையும் வல்லாரையையும் பச்சையாகவே சம்பல் பெலாச்சானோடு சாப்பிடுகிறார்கள். இந்த மண்ணின் சாலட் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. அக்காவிடம் சொல்லியும் பார்த்தேன்.

“எனக்கும் பிடிக்கும் தம்பி. பேரன்தான் பர்கருக்கு லெட்டூஸ் இல்லன்னா முகத்தைத் தூக்கி வச்சுக்கிறான்.” டிசம்பர் மழையில் கொஞ்சம் குளிரும், அப்போது நன்றாக வரும் என்றார். அதற்கான விதைப் பொட்டலம் ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் தயாராக இருக்கிறதாம். மருமகள்தான் அடிக்கடி இடம் மாற்றிவிடுகிறாராம்.