தென்காசியில் வாங்கியதும் பெட்டியில் ஏறாததும்

ஆடி பிறந்து நாலாம் நாள். என் தம்பி மகள், அவள் கணவர், ஆறு வயதுப் பேத்தி மூவரும் அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் குடியேறப் போகிறார்கள். "பெரியப்பா, தென்காசியில சாமான் வாங்கணும், நீங்களும் கூட வாங்க" என்று கூப்பிட்டாள். ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புளியங்குடியில் வண்டி ஏறினேன். தம்பி மனைவியும், எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கிற சம்பந்தியும் வந்தார்கள். கடையநல்லூர் தாண்டும்போதே மேற்கே மலை மேகத்துக்குள் போயிருந்தது. தென்காசியில் காசி விசுவநாதர் கோபுர வாசலுக்கே உரிய அந்தக் காற்று ஆளைத் தள்ளியது. சாமி கும்பிட்டுவிட்டுக் கடைவீதிக்குள் நுழைந்தோம்.

பாத்திரக் கடையில் சிக்கல் இல்லை. இட்லிக் கொப்பரை, குக்கர், இரும்பு தோசைக்கல். பல விமானங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான் கணக்கு. ஆகவே கல்லைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் எடுத்தாள். கிரைண்டர் வாங்கலாமா என்று கேட்டார்கள். ஆஸ்திரேலியாவில் நம்மைப் போலவே 230 வோல்ட் மின்சாரம். பிளக் மட்டும் வேறு. அமெரிக்காவில் 120 வோல்ட், அங்கே நம்மூர் கிரைண்டர் நேரடியாக ஓடாது.

வம்பு பலசரக்குக் கடையில் ஆரம்பித்தது. அவள் எழுதி வைத்திருந்த சீட்டில் அரிசி, துவரம் பருப்பு, உளுந்து, மல்லி, சீரகம், மிளகாய் வற்றல் என்று வரிசையாக இருந்தது. "இதுல ஒண்ணும் போகாதும்மா" என்றேன். கடைக்காரர், "ஆபீசரைக் கூட்டிட்டு வந்தா யாவாரம் படுத்துரும்" என்று சிரித்தார்.

காரணம் கப்ரா வண்டு. சேமித்த தானியத்தைத் தின்னும் ரோமம் அடர்ந்த புழு அது. மூட்டையின் மடிப்பிலும் சுவர் விரிசலிலும் தீனி இல்லாமல் வருடக்கணக்கில் கிடக்கும். நம் நாடு அதன் பூர்வீகம், ஆஸ்திரேலியாவில் அது இல்லை. அதனால்தான் 2020 முதல் இந்த வண்டு உள்ள நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி, பயறு வகைகள், மல்லி, சீரகம், மிளகாய் வற்றல் போன்றவற்றைக் கொண்டுவர அங்கே தடை. கம்பெனியில் வறுத்துப் பதப்படுத்தி, பாக்கெட்டில் அடைத்து வருபவற்றுக்குத் தனி விதி உண்டு.

பால்கோவாவும் கூடாது. நம் மாடுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கோமாரித் தடுப்பூசி போடுகிறோமே, அந்த நோய் அவர்கள் நாட்டில் 1872க்குப் பிறகு வந்ததில்லை. அதை அப்படியே காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

"கறிவேப்பிலையாவது கொண்டு போறேனே?" என்றாள். சம்பந்தியைப் பார்த்தேன், அவருக்குப் புரிந்துவிட்டது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். சைலிட் என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி இரண்டிலும் இருக்கும், எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் கிரீனிங் நோயைக் கொண்டுபோகும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2005ல் இந்த நோயைக் கண்டார்கள். அதற்கு முன் ஒரு பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு எடுத்த மாநிலம், இப்போது 2 கோடிப் பெட்டிக்கும் கீழே கிடக்கிறது. புயலும் ஒரு காரணம்தான், ஆனால் முதல் அடி இந்த நோய்.

"அப்போ என்னத்தத்தான் கொண்டு போறது?" என்று அலுத்துக்கொண்டாள். விமானத்தில் ஓர் அட்டை தருவார்கள். உணவு, விதை, செடி சம்பந்தமாக எது இருந்தாலும் 'ஆம்' என்று குறித்துவிட வேண்டும். சொல்லிவிட்டால், கூடாத பொருளாக இருந்தாலும் எடுத்து வைத்துக்கொள்வார்களே தவிர அபராதம் இல்லை. மறைத்தால் அபராதம், சில விசாக்களை அங்கேயே ரத்து செய்யவும் சட்டம் இடம் தருகிறது. விதிகள் நாட்டுக்கு நாடு, வருடத்துக்கு வருடம் மாறும். நம் வாசகர் வீட்டிலும் பிள்ளைகள் போவார்கள். புறப்படும் முன் அந்த நாட்டு அரசின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மதியம் குற்றாலம். ஐந்தருவியில் நல்ல தண்ணீர். பேத்தி அருவிக்குள் நுழைய மாட்டேன் என்று அழுதவள், நுழைந்த பிறகு வெளியே வரமாட்டேன் என்று அழுதாள். சாலையோரம் மங்குஸ்தான், ரம்புட்டான் வாங்கித் தின்றோம். (மங்குஸ்தான் எங்கள் ஊரிலும் வருமா என்று அடிக்கடி கேட்கிறீர்கள். நிழலும் ஈரக்காற்றும் வேண்டிய மரம், காய்க்க எட்டுப் பத்து வருடம் ஆகும். சங்கரன்கோவில் கரிசலில் முயல வேண்டாம்.)

தோலை உரித்தபடியே சம்பந்தி மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு ஏக்கரும் அவன் பேர்ல இருக்கு. வித்துரலாமா சம்பந்தி?"

அவசரப்பட வேண்டாம் என்றேன். வெளிநாட்டில் குடியேறிய இந்தியர், ஏற்கெனவே தன் பெயரில் உள்ள விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே இருந்துகொண்டு புதிதாக விவசாய நிலம் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. இன்று விற்றால் நாளை மனம் மாறினாலும் சுலபமாகத் திரும்ப வாங்க முடியாது. பிஎம் கிசான் திட்டத்தில் வருகிற 6,000 ரூபாய் வெளிநாடு வாழ் இந்தியருக்குக் கிடையாது. நாமே தெரிவித்து நிறுத்திவிடுவது நல்லது, பிறகு திருப்பிக் கட்டும் வேலை வராது. புறப்படும் முன் அப்பா பெயருக்குப் பதிவு செய்த பொது அதிகாரப் பத்திரம் ஒன்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

"கிடக்கட்டும்ப்பா, விக்க வேண்டாம்" என்றார் மாப்பிள்ளை.

"எனக்கு அப்புறம்?" என்று கேட்டார் சம்பந்தி. யாரும் பதில் சொல்லவில்லை. அவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. வீட்டு வாசலில் தம்பி மனைவி மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என் கையில் வைத்தாள். சாம்பல் பிரட்டிய கத்தரி விதை. அவள் அம்மா வீட்டிலிருந்து வந்தது, வருடா வருடம் எடுத்து வைப்பது. மகள் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைக்க நினைத்திருக்கிறாள். "நீங்க பேசினதக் கேட்ட பெறகு வைக்க மனசு வரல அத்தான். நீங்களே நாத்துப் போட்டுருங்க."

குழித்தட்டில் போட்டேன். ஒன்பதாம் நாள் முளைத்தது. இப்போது நாலு இலை விட்டிருக்கிறது. எடுத்து நட இன்னும் ரெண்டு வாரம் ஆகும்.