மூன்றாவது படி

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் காஞ்சிபுரத்து நெசவுத் தெருக்களில் தறிச் சத்தம் நிற்பதில்லை. ஆனால் பேச்சு குறைந்துவிடும். நிறைய மதிப்பெண் பெற்ற பிள்ளையின் வீட்டில் மகிழ்ச்சி. தோல்வியுற்ற பிள்ளையின் வீட்டில் துயரம். இவ்விரண்டுக்கும் நடுவே, தேர்ச்சி பெற்றும் விரும்பிய படிப்பில் சேர இயலாத பிள்ளைகள் பலர் உண்டு. அவர்களைப் பற்றி எவரும் அதிகம் எழுதுவதில்லை. அவர்களுள் ஒருத்தியாக இருந்தவள் என்ற உரிமையோடு இதனை எழுதுகிறேன்.

என் தந்தையார் பிள்ளையார்பாளையத்தில் கூலிக்கு நெய்த நெசவாளர். எங்கள் வீட்டுத் தறியில் கோர்வைச் சேலைகளே மிகுதி. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம் என்று அமையும் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒரு நெசவாளரின் இரண்டு கைகள் அதற்குப் போதா. பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் தேவை. எட்டாம் வகுப்பு முதல் மாலை நேரங்களில் அந்த இன்னொருவர் நானே. இதை யார்மீதும் குறையாகச் சொல்லவில்லை. அன்று எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளின் நிலை அதுதான். 1996ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வில் அறிவியல் பாடங்களிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து என் சராசரி நூற்றுக்கு 41.

செவிலியராக வேண்டும் என்பது என் ஆசை. நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு அந்த 41 போதவில்லை. ஒரு கல்லூரி அலுவலகத்தில் என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்த ஒருவர், "உயிரோடு சம்பந்தப்பட்ட படிப்பம்மா இது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். கடுமையாகச் சொல்லவில்லை, மென்மையாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்தச் சொல் பல ஆண்டுகள் என்னோடு வந்தது. அவர் சொன்னது சரிதானா என்ற கேள்வியே இக்கட்டுரையின் கேள்வியும் ஆகும்.

நம் நாட்டில் செவிலியர் கல்வி ஒரே வாயில் கொண்ட கட்டடம் அன்று. அது படிகளால் ஆனது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில் இப்படிகளின் அளவை வகுக்கிறது. முதற்படி ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் பயிற்சி. இரண்டாவது படி ஜி.என்.எம். எனப்படும் பட்டயப் படிப்பு. மூன்றாவது படி, பட்டயம் பெற்றுப் பதிவும் செய்துகொண்ட செவிலியருக்கென்றே அமைந்த இரண்டாண்டுப் பட்டப்படிப்பு. அதனைப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் என்பர்.

இன்றைய விதிகளில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. பிளஸ் டூ முடித்து நேராகப் பட்டப்படிப்பில் சேர, அறிவியல் பாடங்களிலும் ஆங்கிலத்திலும் 45 விழுக்காடு வேண்டும்; பட்டயப் படிப்பில் சேர 40 விழுக்காடு வேண்டும். ஆனால் பதிவு பெற்ற துணைச் செவிலியர் பட்டயப் படிப்புக்கு வரும்போது அவருக்குத் தேர்ச்சி இருந்தால் போதும். பதினேழு வயதில் வாங்கிய எண்ணைவிட, அதன்பின் கற்ற தொழிலுக்கு விதியே மதிப்புக் கொடுக்கிறது.

நான் முதற்படியில் கால் வைத்தேன். பயிற்சி முடிந்ததும் அருட்சகோதரிகள் நடத்திய ஒரு சிறு மருத்துவமனையில் ஏழாண்டுகள் பணிபுரிந்தேன். குழித்தறியில் அமர்ந்து முதுகும் முழங்காலும் தேய்ந்தவர்கள், பிரசவத்துக்கு வந்த பெண்கள், வயிற்றுப்போக்கில் துவண்டு தோளில் சாய்ந்து வந்த குழந்தைகள் ஆகியோரிடமே நான் தொழில் கற்றேன். நாடி பார்த்தல், குழந்தையின் கண் குழிந்திருப்பதைக் கண்டு உடலில் நீர் வற்றியதை உணர்தல், பிரசவித்த தாயின் இரத்தப்போக்கைத் துணியின் நனைவைக் கொண்டு மதிப்பிடுதல் ஆகியவை எனக்குப் பழக்கமாயின. ஆனால் ஏன் என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. மருத்துவர் சொன்னார், செய்தேன். அவ்வளவே.

இந்த 'ஏன்' என்பதே என்னை மேலே ஏறச் செய்தது. மூத்த சகோதரி ஒருவர் என் இடத்தை வேறெவருக்கும் கொடாமல் வைத்திருந்தார். கட்டணத்தில் பாதியை மருத்துவமனை ஏற்றது. இருபத்தேழாம் வயதில், என்னைவிடப் பத்து வயது இளைய பெண்களோடு பட்டயப் படிப்பின் வகுப்பில் அமர்ந்தேன். பின்னர் மீண்டும் சில ஆண்டுகள் பணி. முப்பத்தாறாம் வயதில், 2014ஆம் ஆண்டு, மூன்றாவது படியில் சேர்ந்தேன்.

அங்கே உயிர்வேதியியல் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலை நான் ஆயிரம் முறையாவது கலக்கியிருப்பேன். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவின்படி, ஒரு லிட்டர் நீருக்கான பொட்டலத்தில் 2.6 கிராம் சோடியம் குளோரைடும் 13.5 கிராம் குளுக்கோஸும் உண்டு. சர்க்கரை தெம்புக்காக என்றே அதுவரை எண்ணியிருந்தேன். தாய்மாரிடமும் அப்படியே சொல்லி வந்தேன். குடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே செல்கின்றன என்றும், அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது என்றும், சர்க்கரையின் முதன்மையான வேலை உப்பை உள்ளே அழைத்துச் செல்வதே என்றும் ஆசிரியை விளக்கினார். என் கண்முன் எத்தனையோ குழந்தைகளின் முகங்கள் வந்து போயின. பிளஸ் டூவில் எனக்குப் பிடிபடாத வேதியியல், கையால் கலக்கிய கரைசலின் வழியாக அன்று பிடிபட்டது. புள்ளியியலும் அவ்வாறே. கட்டத்தாளில் சேலையின் வடிவங்களை எண்ணிப் பழகிய கண்ணுக்கு வரைபடம் அந்நியமாகத் தோன்றவில்லை.

ஆங்கிலம் மட்டும் இறுதி வரை கடினமாகவே இருந்தது. பாடநூலின் ஒரு பக்கத்தைப் படிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். பல்கலைக்கழகத் தேர்வில் தேர்ச்சிக்கு 50 வேண்டும். ஒரு தாளில் நான் பெற்றது 51. அந்த 51ஐ எண்ணி வருந்தியதில்லை.

படிப்பின் நடுவே ஒருமுறை மனம் தளர்ந்து, விட்டுவிடலாமா என்று தந்தையாரிடம் கேட்டேன். அவர் பெட்னி போடுவதைப் பற்றிச் சொன்னார். முந்தானைக்கு வேறு நிறப் பாவு வேண்டுமென்றால், புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் இழையோடு கையால் இணைக்க வேண்டும். "சேர்ற எடத்துல நெளிநெளியா ஒரு கோடு தெரியும்மா. அதப் பாத்துதான் இது கைவேலைன்னு கண்டுபுடிப்பாங்க. யாரும் கொறையா நெனைக்க மாட்டாங்க" என்றார். வெவ்வேறு ஆண்டுகள் பொறித்த என் மூன்று சான்றிதழ்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் துணிவை அச்சொல்லே எனக்குத் தந்தது.

படியேறியவர்கள் மனிதர்கள் மட்டுமல்லர், நிறுவனங்களும் ஏறியுள்ளன. நமக்கு அண்மையிலுள்ள வேலூரையே எடுத்துக்கொள்வோம். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டு ஒரே படுக்கையோடு பணியைத் தொடங்கினார். 1909இல் செவிலியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றின. அம்மருத்துவப் பள்ளி அளித்தது பட்டமன்று, எல்.எம்.பி. என்ற பட்டயமே. பிற்காலத்தில் அந்தப் பட்டயம் போதாது, பட்டப்படிப்பாக உயர வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. அம்மையார் 1941ஆம் ஆண்டில், எழுபது வயதில், நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1946இல் தில்லியிலும் வேலூரிலும் நாட்டின் முதல் நர்சிங் பட்டப்படிப்புகள் தோன்றின. அந்தப் பட்டயப் பள்ளியில் படித்து வெளியேறிய பெண் மருத்துவர்கள் அதுவரை காப்பாற்றிய உயிர்களை யாரும் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் மேலே ஏற வேண்டியிருந்தது, ஏறினார்கள்.

இனி, அந்த அலுவலகத்தில் கேட்ட சொல்லுக்கு வருவோம். செவிலியர் படிப்பு உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதில் ஐயமில்லை. மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு மருந்து உடலில் ஏறிவிடும். ஆகவே குறைந்த மதிப்பெண்ணைப் பொருட்படுத்தாதீர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கண்டிப்பு எங்கே இருக்க வேண்டும்? வெளியே அனுப்பும் வாயிலில் இருக்க வேண்டும். நுழையும் வாயில்கள் பலவாக இருக்கலாம். தாமதமாக வருபவருக்கும் ஒன்று திறந்திருக்கலாம். எனக்கு யாரும் தேர்வில் சலுகை தரவில்லை, தரவும் கூடாது. காலம் தந்தார்கள். எனக்கு வேண்டியதும் அதுவே.

இங்கே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைத் தேடி, 'ஓராண்டில் நர்ஸ் ஆகலாம்' என்ற துண்டறிக்கைகள் நெசவுத் தெருக்களுக்கு வருகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பெண் அவ்வாறு படித்து, வெள்ளைச் சீருடை அணிந்து, ஆறாண்டுகள் உழைத்தாள். மேலே படிக்க முயன்றபோதுதான், அவளுடைய சான்றிதழ் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது என்று தெரிந்தது. அவள் ஏறியது படியே அன்று. பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இப்பள்ளிக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் ஏற்பு உண்டா? படிப்பை முடித்தால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய இயலுமா? இரண்டில் ஒன்றுக்கேனும் தெளிவான விடை கிடைக்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

துணைச் செவிலியரைப் பணியில் வைத்திருக்கும் மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இரவுப் பணியில் தனியே நின்று நோயாளியைக் காக்கும் அந்தப் பெண்களுள் எத்தனை பேர் மேலே படிக்க விரும்புகின்றனர் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடுப்பும், திரும்பி வந்தால் அதே இடமும், இயன்றால் கட்டணத்தில் ஒரு பங்கும் கொடுங்கள். எனக்கு அவை கிடைத்தன. இன்று நான் செவிலியர் பள்ளி ஒன்றில் மாணவியருக்குப் பாடம் சொல்கிறேன். உப்பு சர்க்கரைக் கரைசலைப் பற்றிய வகுப்பில், சர்க்கரை எதற்கு என்று முதலில் அவர்களிடமே கேட்கிறேன். "தெம்புக்கு, மிஸ்" என்று ஆண்டுதோறும் யாராவது ஒருத்தி சொல்கிறாள். அவளைப் பக்கத்தில் அழைத்துக்கொண்டு கரும்பலகையில் குடலின் சுவரை வரையத் தொடங்குகிறேன்.