மூன்றும் ஒத்துச் சொன்னால்தான்

திருப்பூரில் கட்டிங் மாஸ்டருக்கு மதிப்பு உண்டு. பவர் டேபிள் டைலரைக் கூவிக் கூவி அழைக்கிறார்கள். அதே ஊரில் நாள் முழுக்க ரத்தக் குழாய்களோடு உட்கார்ந்திருக்கும் லேப் டெக்னீஷியனை யாருக்கும் தெரியாது. தாராபுரம் சாலை அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில், அப்படி ஒருவரின் பக்கத்தில் ஒரு காலைப் பொழுது இருக்க அனுமதி கிடைத்தது. ஆலோசகரின் அறைக்குள் மட்டும் விடவில்லை. விடவும் கூடாது. நான் பார்த்ததெல்லாம் குழாய்களைத்தான். அவற்றில் பெயர் இல்லை, எண் மட்டும்.

"முட்டி பந்த் கரோ தம்பி" என்று விரல்களை மூடச் சொல்லி, ஒடிசாப் பையனின் கையைப் பிடித்து நரம்பைத் தேடினார் அந்தம்மா. பனியன் கம்பெனிகள் கற்றுத்தந்த இந்தி. ரத்தம் உறைந்ததும் குழாயைச் சுழல் இயந்திரத்தில் வைத்தார். மேலே இளமஞ்சளாக சீரம் தெளிந்து நின்றது. சோதனைக் கிட் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருப்பது, எடுத்தவுடன் தொடமாட்டார். "ஜில்லுனு இருக்கறப்ப போட்டா சரியா வராதுங்க" என்று காத்திருந்தார்.

கிட் தேடுவது வைரஸை அல்ல. அதை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்புரதத்தை. சின்ன வில்லையில் ஒரு சொட்டு சீரம், பிறகு கழுவும் கரைசல், பிறகு சிவப்பு நீர்மம், மறுபடி கழுவல். மேலே ஒரு புள்ளி கட்டாயம் தெரிய வேண்டும். கிட் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. தெரியாவிட்டால் வில்லை குப்பைக்கு, சோதனை முதலிலிருந்து. கீழே எச்.ஐ.வி. 1, 2 இரண்டுக்கும் தனித்தனி இடம். அங்கே புள்ளி மங்கலாக விழுந்தாலும் விழுந்ததுதான்.

முதல் சோதனையில் விழாவிட்டால் தொற்று இல்லை என்று அறிக்கை போகிறது. விழுந்தால்? யாரும் வாய் திறப்பதில்லை. வேறு வகைக் கிட்டில் இரண்டாம் சோதனை, இன்னொன்றில் மூன்றாவது. செக்கிங் மேசையில் ஒருவர் ஓட்டை என்று ஒதுக்கியதை அடுத்தவரும் பார்த்து உறுதிசெய்வதைப் போலத்தான். மூன்றும் ஒத்துச் சொன்னால்தான் தொற்று உறுதி. முரண்பட்டால் 14 நாள் கழித்து வரச் சொல்கிறார்கள். நோய் அரிதாக உள்ள கூட்டத்தில் எவ்வளவு நல்ல கிட்டும் சிலரைத் தவறாகச் சுட்டும். அந்தத் தவறு ஒரு குடும்பத்தையே குலைத்துவிடும்.

இந்தச் சந்தேகப் புத்தி தமிழ்நாட்டில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் ரத்த மாதிரிகளைத் திரட்டி, வீட்டுக் குளிர்பெட்டியில் காத்து, வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப் போனார். எலைசா சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாயின. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. கண்டுபிடிப்பு அது. அப்போதும் உடனே அறிவித்துவிடவில்லை. அந்த ஆறு பேரிடமும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் சோதனை உறுதி செய்த பிறகே செய்தி வெளியானது.

சோதனைக்கும் எல்லை உண்டு. தொற்றிய முதல் சில வாரங்களில் எதிர்ப்புரதம் பிடிபடாது. ஆபத்து நேர்ந்திருந்தால் மூன்று மாதம் கழித்து மறுசோதனை அவசியம். தாயின் எதிர்ப்புரதம் குழந்தையின் உடலில் ஒன்றரை வயதுவரை தங்கும். அதனால் கைக்குழந்தையின் குதிகாலில் எடுத்த ரத்தத்தைத் தாளில் சொட்டி உலர்த்தி, வைரஸின் மரபுப்பொருளையே தேட அனுப்புகிறார்கள்.

நான் கிளம்பும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஏதோ ஒரு கம்பெனி சூப்பர்வைசர். தன் ஆட்களின் முடிவு வேண்டுமாம். "அதைச் சொல்ல மாட்டோமுங்க" என்று வைத்துவிட்டார் அந்தம்மா. ஒப்பந்தச் சம்பளக்காரர், குரலில் அசைவே இல்லை.

கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டப்படி, வேலை தருவதற்கு இந்தச் சோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. தொற்று இருக்கிறது என்று ஒருவரை வேலையை விட்டு அனுப்பவும் கூடாது. ஆட்களின் நலனில் உண்மையிலேயே அக்கறை இருந்தால், சோதனைக்குப் போய்வர அரை நாள் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள். சோதனை இலவசம், விவரம் கேட்க 1097.