உப்பும் விசுவாசமும்

எங்கள் பாடசாலையில் உப அதிபராயிருந்து சென்ற ஆண்டு இளைப்பாறிய பெரியவர் ஒருவர், ஆறாந் தர அனுமதிக்காகப் பெற்றோரிடம் 'நன்கொடை' அறவிடப்பட்டதைக் கல்வித் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்துவிட்டார். ஆசிரியர் ஓய்வறையில் அன்று முழுவதும் இதே பேச்சு. "பென்சன் கைக்கு வந்த பிறகுதான் மாஸ்டருக்கு மனச்சாட்சி பிறந்ததாக்கும்" என்றார் ஒருவர். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்றார் இன்னொருவர். நானும் சிரித்தேன்.

அந்தப் பழமொழி எனக்கு லெனார்ட் வுல்ஃபை நினைவூட்டியது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த அவருடைய கடமைகளுள் ஒன்று, அரசாங்கத்தின் உப்பு ஏகபோகத்தைக் காப்பது. வெயிலில் தானாக விளையும் உப்பைக் கிராமத்தவன் தன் அடுப்படிக்கு அள்ளினால் அது குற்றம். அதையே கூலிக்கு அள்ளி அரசாங்கக் களஞ்சியத்திற் சேர்த்தால் அது வருமானம். இந்த வேலையை வுல்ஃப் அரைமனத்துடன் செய்தவரல்லர்; கண்டிப்பும் திறமையும் மிக்க உத்தியோகத்தர் அவர். ஆயின், அவர் உண்டது யாருடைய உப்பு?

1911 இல் விடுமுறையிற் சென்றவர் 1912 இல் பதவியைத் துறந்தார். மறு ஆண்டு வெளிவந்த அவரது 'காட்டிலுள்ள கிராமம்' நாவலில் ஒரு நீதிமன்றக் காட்சி உண்டு. ஊர்த் தலைமைக்காரனும் வட்டிக்காரனும் சோடித்த பொய்ச் சாட்சியத்தை நம்பி, குற்றமற்ற ஏழை விவசாயியைச் சிறைக்கு அனுப்புகிறார் வெள்ளைக்கார நீதவான். அவர் கொடியவரல்லர். சட்டப்படி நடக்கும் நல்ல மனிதர். கிராமத்தவனுக்கோ அங்கு நடப்பது எதுவும் விளங்குவதில்லை. அத்தகைய ஆசனத்தில் அமர்ந்து தீர்ப்பளித்த ஒருவராலன்றி வேறெவராலும் இக்காட்சியை எழுதியிருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் அவர் பணியாற்றியபோது, குதிரை மீதிருந்து தமிழ் வழக்கறிஞர் ஒருவரின் முகத்திற் சவுக்கால் அடித்தார் என முறைப்பாடு எழுந்தது. அடிக்கவில்லை என்று அன்று மறுத்தார். 1961 இல் வெளிவந்த தன்வரலாற்று நூலிலும் மறுக்கிறார். ஆனால் அந்த ஊரின் பெருந்தெருவில் தாம் குதிரை மீது இறுமாந்திருந்ததே அம்மக்களின் முகத்தில் அறைந்ததற்கு ஒப்பானது என்றும் அங்கே ஒப்புக்கொள்கிறார். 1915 கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் பெயரால் நடந்த கொடுமைகளுக்கு நீதி கேட்டு இலண்டன் சென்ற ஈ. டபிள்யூ. பெரேராவுக்கும் டீ. பி. ஜயதிலகாவுக்கும் அவர் துணைநின்றதை விடவும், இந்த ஒப்புதலே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிறரைக் குற்றஞ்சாட்டும்போது தம்மையும் கூண்டில் ஏற்றுகிறார் அல்லவா?

வுல்ஃபைப் புனிதராக்க வேண்டியதில்லை. அவருக்குத் திரும்பிச் செல்ல ஓர் இங்கிலாந்து இருந்தது. ஒழுங்கை முனையில் நாளையும் அதே முகங்களைச் சந்திக்க வேண்டிய எங்கள் மாஸ்டருக்கு அந்த வசதி இல்லை.

சென்ற கிழமை அவரைக் காணப் போனேன். கடிதத்தின் பிரதியைக் காட்டினார். முதற் பந்தியிலேயே, பட்டியலைத் தயாரித்தவன் நான் என்று எழுதியிருந்தார். "இதை ஏன் மாஸ்டர் எழுதினனீங்கள்?" என்றேன்.

"நான்தானே தம்பி எழுதினனான். அதை விட்டுப்போட்டு மிச்சத்தை எழுதேலுமோ?"

அவருடைய பட்டியலுக்குப் பற்றுச்சீட்டு எழுதியவன் நான். 'மண்டப நிதி' என்று அழகான கையெழுத்தில் இரண்டு ஆண்டுகள் எழுதினேன். ஒருநாள், சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை என் மேசையிற் கொட்டிய தாயொருத்தி, "மிச்சத்தை மாதம் மாதமாத் தரலாமோ, சேர்?" என்று கேட்டாள். நான் அதிபரின் அறைப் பக்கம் கையைக் காட்டினேன். அனுமதி பெற்றோர் பட்டியலில் அவள் மகளின் பெயர் இல்லை.

திங்கட்கிழமை திணைக்கள அதிகாரி விசாரணைக்கு வருகிறார். பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள் என் மேசை லாச்சியில் இருக்கின்றன. அவற்றை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடும்படி நேற்று எனக்குச் சொல்லப்பட்டது. நான் இன்னும் ஒப்படைக்கவில்லை.